பிளாஸ்டிக் பைத் தடை: ஒரு பைக்கு இரண்டு கணக்கு

பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்யலாமா என்ற பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று: “பிளாஸ்டிக் பை மக்க 500 வருடம் ஆகும்.” இன்னொன்று: “துணிப்பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பையைவிட நல்லது.” முதலாவதைச் சொல்பவர் தடை வேண்டும் என்பார். இரண்டாவதைச் சொல்பவர் தடையே வீண் வேலை என்பார். இருவரும் தங்கள் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வார்களே தவிர, எதிரில் இருப்பவர் சொன்ன எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார்கள்.

இதை எழுதக் காரணம், இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு நல்ல மனம் உள்ள பலர் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். “எதை எடுத்தாலும் கெடுதல்தான் போல, கையில் கிடைத்த பையில் வாங்கிப் போகலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்ய எவ்வளவு மணல், எவ்வளவு எரிபொருள் ஆனது என்பது ஒரு கேள்வி. அது உடைந்து நடைபாதையில் கிடந்தால் எத்தனை பேர் காலைக் கிழிக்கும் என்பது வேறு கேள்வி. “இந்தத் தம்ளர் செய்ய மிகக் குறைந்த எரிபொருளே ஆனது” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காலில் சில்லு ஏறியவரிடம் அதைப் போய்ச் சொன்னால் அது பதில் ஆகாது.

பைக்கும் இப்படித்தான். ஒரு பையைச் செய்து நம் கைக்குக் கொண்டுவருவதற்குள் நேரும் கேட்டை ஆக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அது நம் கையைவிட்டுப் போனபின், குப்பைத்தொட்டியிலும் அடங்காமல் வெளியில் அலைந்து செய்யும் கேட்டைச் சிதறல் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்த இரண்டு பெயர்களும் வரும்.

பை எதனால் ஆனது?

கடையில் தரும் மெல்லிய பைகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் என்ற பொருளால் ஆனவை. பாலிதீன் என்று நாம் சொல்வதும் இதைத்தான். எத்திலீன் ஒரு வாயு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது: இரண்டு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான். அதை ஒரு மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான மணிகளை ஒன்றோடொன்று கோத்தால் நீண்ட மாலை கிடைக்கும். அப்படிச் சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு உண்டாகும் நீண்ட மூலக்கூறைத்தான் பாலிமர் என்கிறார்கள்.

இந்த மாலை முதலில் உருப்படியாகக் கிடைத்தது தற்செயலாகத்தான். 1933-ல் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீனை மிக அதிக அழுத்தத்தில் வைத்து வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தில் மிஞ்சியது மெழுகுபோன்ற வெள்ளைப் பொருள். இருபது வருடம் கழித்து, 1953-ல், ஜெர்மனியில் கார்ல் சீக்லர் அதே பொருளைக் குறைந்த அழுத்தத்திலேயே, இன்னும் விறைப்பாகச் செய்யும் வழியைக் கண்டார். அந்த வேலைக்கு 1963-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அப்புறம் ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாஃப் துலின், ஒரே குழாய்த் தாளை மடித்து, ஒட்டி, வெட்டிக் கைப்பிடியோடு பை ஆக்கும் வடிவத்தைக் கொடுத்தார். அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1965-ல். இன்றைக்கும் நம் கையில் தொங்குவது அந்த வடிவம்தான்.

செய்முறை பார்க்க அழகாகவே இருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை வட்ட வாய் வழியாகப் பிதுக்கி, உள்ளே காற்றை ஊதுவார்கள். பெரிய பலூன்போல அது மேலே எழும்பும். ஆறியதும் உருளைகளுக்கு நடுவே தட்டையாகும். பிறகு அடியை ஒட்டிக் கைப்பிடிக்கு வெட்டினால் பை தயார். ஊதுவதால்தான் அவ்வளவு மெல்லியதாகிறது. அந்த மெல்லிய தன்மையைச் சொல்லத்தான் மைக்ரான் என்ற அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால், பல கடைப் பைகளின் தாள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. 6 கிராம் எடையுள்ள ஒரு பை 6 கிலோ சாமானைச் சுமந்துவிடும். தன் எடையைப்போல ஆயிரம் மடங்கு.

இதை ஒரு குற்றவாளியின் கதைபோலச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு வேலை செய்யும் பை இதற்குமுன் இருந்ததில்லை. சிக்கல் என்னவென்றால், அந்தத் திறமைக்கு எவை காரணமோ அவையேதான் தொல்லைக்கும் காரணம். லேசாக இருப்பதால் சுமக்கச் சுலபம். லேசாக இருப்பதால் காற்று தூக்கிப்போவதும் சுலபம். தண்ணீரில் ஊறாது என்பதால் சாமான் நனையாது. அதே காரணத்தால் ஓடையில் விழுந்தாலும் கரையாது. விலை மிகக் குறைவு என்பதால் எல்லோருக்கும் கிடைக்கும். விலை மிகக் குறைவு என்பதால் யாரும் பத்திரப்படுத்தவும் மாட்டார்கள்.

மக்குவதும் நொறுங்குவதும்

இங்கேதான் பெரிய குழப்பம். மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் ஒரு பொருளைத் தின்று, அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மற்ற எளிய பொருள்களாகவும் மாற்றிவிடுவது. நொறுங்குவது என்றால் பெரிய துண்டு சிறு துண்டுகளாவது. மக்கினால் பொருள் இல்லாமல் போகிறது. நொறுங்கினால் பொருள் அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

பாலிமர் என்பதாலேயே மக்காது என்று நினைக்க வேண்டாம். காகிதத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸும் பாலிமர்தான், அதுவும் நீண்ட மாலைதான். ஆனால் அந்த மாலையில் மணிக்கு மணி நடுவே ஆக்சிஜனால் ஆன முடிச்சு இருக்கிறது. நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளைக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கத்தரிக்கோல் அந்த முடிச்சில் சரியாகப் பொருந்தி வெட்டும். பாலிஎத்திலீன் மாலையில் அப்படி முடிச்சே கிடையாது. கார்பனோடு கார்பன், கார்பனோடு கார்பன் என்று வழவழவென்று போகிறது. கத்தரிக்கோலுக்குப் பிடி கிடைப்பதில்லை. மாலை முழுதாக உள்ளே போகவும் முடியாது, நுண்ணுயிரின் வாய்க்கு அது அவ்வளவு பெரிது.

வெயில் மட்டும் அதை விடாது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மாலையை ஆங்காங்கே அறுக்கும். பை மொரமொரப்பாகி, தொட்டால் உதிரும். பலர் இதைப் பார்த்து “மக்கிவிட்டது” என்கிறார்கள். உண்மையில் அது நொறுங்கியிருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிதான துண்டுகளுக்கு மைக்ரோபிளாஸ்டிக் என்று பெயர். ஒரு பையைக் குனிந்து பொறுக்க முடியும். அது பல்லாயிரம் துகள்களாகி மண்ணோடும் மணலோடும் கலந்தபின் பொறுக்க முடியாது.

சரி, அந்த 500 வருடம்? பாலிஎத்திலீன் தோன்றியே இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. 500 வருடம் காத்திருந்து பார்த்தவர் யாரும் இல்லை. சில வருடச் சோதனைகளை வைத்து நீட்டிப் போட்ட உத்தேசக் கணக்கு அது. வெயிலில் கிடக்கும் பைக்கும் குப்பைமேட்டுக்கு அடியில் இருட்டில் புதைந்த பைக்கும் ஒரே ஆயுள் சொல்லவும் முடியாது. ஆகவே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். “மனித ஆயுளோடு ஒப்பிட்டால் மிக நீண்ட காலம்” என்று சொன்னால் போதும், அது நிச்சயம்.

“மக்கும் பை” என்று எழுதியிருந்தால்?

எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் இதுதான். அக்கறையோடு வாங்குபவரை ஏமாற்றும் சொல் இது. உயிர்வழிச் சிதையும் (பயோடிகிரேடபிள்) பை என்று ஒரு பையில் அச்சடித்திருந்தால், எங்கே, எவ்வளவு காலத்தில் என்று கேட்க வேண்டும். அந்த இரண்டும் இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பர், ரிச்சர்ட் தாம்சன் இருவரும் இதை நேரடியாகச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். பல வகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள், கடல்நீரில் அமிழ்த்தினார்கள், திறந்த வெளியில் தொங்கவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து எடுத்தபோது, உயிர்வழிச் சிதையும் என்று விற்கப்பட்ட பை மண்ணிலும் கடலிலும் இருந்து முழுதாக வந்தது. அதில் சாமான் போட்டுத் தூக்கவே முடிந்தது. திறந்த வெளியில் தொங்கியவை ஒன்பது மாதத்துக்குள் துண்டு துண்டாகியிருந்தன.

இன்னொரு வகை உண்டு: சாதாரணப் பாலிஎத்திலீனில் சில உப்புகளைக் கலந்து, சீக்கிரம் உதிரும்படி செய்வது. ஆக்ஸோ சிதைவுப் பிளாஸ்டிக் என்பார்கள். நொறுங்குவதை வேகப்படுத்தி, அதற்கு மக்குவது என்று பெயர் வைத்தது போலத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றிய சட்டத்தின்படி 2021 முதல் இதற்குத் தடை.

உரமாகும் பை என்று தனியாக ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து போன்றவற்றைக் கலந்து, முடிச்சு உள்ள பாலிமர்களால் செய்யப்படுவது. இது நிஜமாகவே மக்கக்கூடியது, ஆனால் அதற்கான தரநிர்ணயங்கள் பெரும்பாலும் தொழிற்கூட உரக்கிடங்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெப்பம் 60 டிகிரியை ஒட்டி இருக்கும், ஈரமும் காற்றும் கட்டுப்பாட்டில் இருக்கும். பிளிமத் சோதனையில் இந்தப் பை கடல்நீரில் மூன்று மாதத்தில் காணாமல் போனது; மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடைத்தது, ஆனால் எடை தாங்கவில்லை. அப்படிப்பட்ட உரக்கிடங்கு இருந்து, பை அங்கே போய்ச் சேரவும் வழி இருந்தால் இது நல்ல பை. இல்லையென்றால் விலை கூடிய இன்னொரு பை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாதாரணப் பை மக்குவதில்லை, நொறுங்குகிறது. 500 வருடம் என்பது உத்தேசம். பையின் மேல் அச்சடித்த சொல்லைவிட, அது எங்கே போய்ச் சேரும் என்பதே முக்கியம்.

ஆக்கக் கணக்கு: அந்த 7,100 எங்கிருந்து வந்தது?

ஒரு பொருள் பிறந்தது முதல் அழிந்தது வரை என்னென்ன எடுத்தது, என்னென்ன வெளியிட்டது என்று கூட்டிப் பார்க்கும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். பருத்திப் பை என்றால் நிலம், பாசனம், உரம், பூச்சிமருந்து, நூற்பு, நெசவு, சாயம், போக்குவரத்துக்கு எரித்த எண்ணெய், கடைசியில் எரிப்பதோ புதைப்பதோ, எல்லாமே கணக்கில் வரும்.

இதில் ஒரு விதி உண்டு. ஒப்பிடும் பொருள்கள் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். ஒரு வீட்டின் ஒரு மாதச் சாமானைச் சுமக்க எத்தனை பை வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்த எண்ணிக்கைக்குத்தான் கேட்டைக் கூட்ட வேண்டும். நூறு தடவை போய்வரும் பையை ஒரு தடவையோடு முடியும் பையோடு, தலைக்குத் தலை வைத்து ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட மதிப்பீடு பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. புவி வெப்பமாதல் என்ற ஒரே அளவுகோலில், மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரு தடவை பயன்படுத்துவதற்குச் சமமாக வர, காகிதப் பையை 3 தடவையும், சற்றுத் தடித்த பிளாஸ்டிக் பையை 4 தடவையும், நெய்யாத பாலிபுரோப்பிலீன் பையை (துணிபோலத் தோன்றும் பிளாஸ்டிக் பை) 11 தடவையும், பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும் என்றது அது. மெல்லிய பைகள் எல்லாவற்றையும் வீட்டில் குப்பைத்தொட்டிக்கு உறையாக மறுபடி பயன்படுத்தினால், பருத்திப் பைக்கான எண் 327 ஆக ஏறும். ஒரு தடவை கூடுதலாகப் பயன்படுத்துவது கணக்கை எவ்வளவு மாற்றுகிறது என்று பாருங்கள்.

2018-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட மதிப்பீட்டில் இருந்துதான் 7,100 வருகிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் புவி வெப்பமாதல், நீர்ப் பயன்பாடு, ஓசோன் படலச் சேதம் என்று பல அளவுகோல்களில் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். புவி வெப்பமாதலில் மட்டும் பார்த்தால், சாதாரணப் பருத்திப் பைக்கு வந்த எண் 52. வாரம் ஒருமுறை எடுத்துப்போனால் ஒரு வருடம். எல்லா அளவுகோல்களிலும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டும் என்று கேட்டால், எதில் பருத்தி மிக மோசமாக வருகிறதோ அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அது ஓசோன் படலத்துக்கான எண். அதுதான் 7,100. வாரம் ஒருமுறை என்றால் 136 வருடம். இயற்கை முறைப் பருத்திக்கு 20,000 என்று வந்ததும் இதே வழியில்தான். அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது: அவர்கள் எடுத்த அந்தப் பை அளவில் சிறியது, ஒரு பிளாஸ்டிக் பையின் வேலைக்கு அப்படி இரண்டு வேண்டும் என்று கணக்கிட்டார்கள்.

மதிப்பீடு செய்தவர்கள் இதில் எதையும் மறைக்கவில்லை. அறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது. வெளியே பரவியபோதுதான் 52 உதிர்ந்துபோய் 7,100 மட்டும் மிஞ்சியது. அதைவிடப் பெரிதாக ஒன்றும் உதிர்ந்தது. தெருவிலும் கடலிலும் சிதறும் பைகளின் கேடு அந்த மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. பயன்படுத்திய பைகள் ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு எரியூட்டப்படும் நாட்டை வைத்துச் செய்த கணக்கு அது. அந்த நாட்டுக்கு அது சரி. குப்பை ஒழுங்காகச் சேராத இடத்தில், அந்த எண்ணை எடுத்து “பிளாஸ்டிக் பைதான் சுத்தமானது” என்று சொல்வது, தம்ளர் செய்ய ஆன எரிபொருளைச் சொல்லிக் காலில் ஏறிய சில்லை மறைப்பது போலத்தான்.

தடை வேண்டும் என்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்றே நினைக்கிறேன். விழாவுக்கு விழா இலவசமாகக் கொடுத்து, அலமாரியில் பத்து துணிப்பைகள் தூங்கினால், ஆக்கக் கணக்கில் அது நிச்சயம் நட்டம்தான். துணிப்பைக்கு நன்மை தானாக வருவதில்லை. தடவை ஏற ஏறத்தான் வருகிறது.

சுருக்கமாக: ஆக்கக் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பை உண்மையிலேயே மலிவு. மற்ற பைகள் அதை முந்துவது பயன்படுத்தும் தடவையால் மட்டுமே. இந்தக் கணக்கில் சிதறல் இல்லை.

சிதறல் கணக்கு

குப்பையில் பிளாஸ்டிக் பைகளின் பங்கு எடையில் சொற்பம் என்று ஒரு வாதம் உண்டு. எடையில் அது சரியே. ஆனால் இந்தக் கணக்கில் எடை சரியான அளவுகோல் இல்லை. ஒரு டன் பிளாஸ்டிக் குழாய் சுவருக்குள் பல வருடம் அசையாமல் இருக்கும். ஒரு டன் கடைப் பைகள் என்றால், 6 கிராம் வீதம், ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் பைகள். ஒவ்வொன்றும் பறக்கத் தெரிந்தது.

அது தெருவில் வேண்டுமென்றே எறியப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிரம்பிய தொட்டியிலிருந்து, குப்பை வண்டியிலிருந்து, கிடங்கிலிருந்து காற்றில் எழும்பிப் போகும். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, எனவே மிதக்கும். மழைநீரோடு போய் வடிகாலின் கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பை தாள்போல விரிந்து நீரை மறிக்கும். அதன்மேல் மற்றக் குப்பை வந்து சேரும்.

தடை என்ற யோசனைக்கு உலகில் முதல் பெரிய உந்துதல் இந்த வடிகால் அடைப்பிலிருந்துதான் வந்தது. வங்கதேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களின்போது தண்ணீர் வடியாமல் நின்றதற்கு, அடைத்துக்கொண்ட பாலிதீன் பைகளும் ஒரு காரணம் என்று கண்டார்கள். 2002-ல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளை நாடு முழுக்கத் தடை செய்த முதல் நாடு அதுதான். வெள்ளத்துக்குக் காரணம் பை என்று யாரும் சொல்லவில்லை. வந்த வெள்ளம் வெளியேற விடாமல் தடுத்தது என்பதுதான் புகார்.

உயிரினங்கள் கதை தெரிந்ததுதான், ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். கடலாமை பையை ஜெல்லிமீன் என்று நினைத்து விழுங்குகிறது என்று கேட்டிருப்போம். கண் ஏமாறுவது மட்டும் காரணமாக இல்லாமல் இருக்கலாம். சில காலம் கடலில் மிதந்த பிளாஸ்டிக்கின்மேல் பாசியும் நுண்ணுயிரும் படியும். அந்த வாடைக்கு ஆமைகள் உணவின் வாடைக்குப்போலவே எதிர்வினை காட்டுவதை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. புதிய பையைவிடப் பழைய பை அதிக ஆபத்து என்று இதற்குப் பொருள்.

“மறுசுழற்சி செய்தால் தீர்ந்தது” என்பவர்களுக்கு: மெல்லிய பை மறுசுழற்சிக்கு மிகவும் இடைஞ்சலான பொருள். பிரிப்புக்கூடங்களில் சுழலும் உருளைகளில் அது சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். குப்பையிலிருந்து பொறுக்கிப் பிழைப்பவர்களும் அதைத் தொடுவதில்லை. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கும் மேல் பைகள் பொறுக்க வேண்டும், அதுவும் அழுக்கோடு. பொதுவாகவே 2019-ல் உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியாகி முடிந்தது 9 சதவீதம்தான், 22 சதவீதம் எந்த ஒழுங்கான ஏற்பாட்டிலும் சேரவில்லை என்கிறது ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் அறிக்கை.

“தடை” என்ற ஒரு சொல், பல சட்டங்கள்

தடை வேலை செய்யுமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தத் தடை என்று கேட்க வேண்டும்.

அயர்லாந்து தடையே போடவில்லை. 2002 மார்ச்சில் ஒரு பைக்கு 15 சென்ட் வரி வைத்தது. அவ்வளவுதான். ஒருவருக்கு வருடத்துக்கு 328 பை என்று இருந்தது 21 ஆகக் குறைந்தது. அந்தத் தொகை யாரையும் ஏழையாக்கிவிடாது. இலவசமாக இருந்தபோது பை என்பது ஒரு முடிவாகவே இல்லை. கடைக்காரர் எடுப்பார், போடுவார், கொடுப்பார். விலை வந்ததும் “பை வேண்டுமா?” என்று கேட்க வேண்டியதாயிற்று. கேட்டவுடன் பலர் வேண்டாம் என்றார்கள். தென்னாப்பிரிக்காவும் 2003-ல் கட்டணம் வைத்தது. முதலில் பயன்பாடு சரிந்தது, பிறகு கட்டணம் குறைக்கப்பட்டதும் மெல்ல ஏறத் தொடங்கியது. கட்டணம் உறுத்தும் அளவுக்கு இருந்தால்தான் வேலை செய்யும் என்று தெரிகிறது.

கடுமையான முழுத் தடை இன்னொரு முனை. ருவாண்டாவில் 2008 முதல் தடை. கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28 முதல் தடை. செய்தாலோ விற்றாலோ நான்கு வருடம்வரை சிறை அல்லது 40 லட்சம் ஷில்லிங்வரை அபராதம். தெருவில் பைகள் வெகுவாகக் குறைந்தன, அண்டை நாடுகளிலிருந்து கடத்தலும் நடந்தது. வங்கதேசத்தில் சட்டம் இருந்தும் கண்காணிப்பு தளர்ந்ததால் பைகள் திரும்பி வந்துவிட்டன. 2024 அக்டோபரில் பெரிய கடைகளிலிருந்து தொடங்கி அதே தடையை மறுபடி அமல்படுத்த வேண்டியதாயிற்று.

மூன்றாவது வகை தடிமன் விதி. இந்தியா 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்குக் குறைந்த பைகளையும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்தவற்றையும் தடை செய்தது. தடித்த பையை அனுமதிப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும், அதில் பிளாஸ்டிக் அதிகம் அல்லவா? யோசனை இதுதான்: தடித்தால் விலை ஏறும், கடைக்காரர் சும்மா கொடுக்கமாட்டார், வாங்கியவர் எறியமாட்டார், எறிந்தாலும் பறக்காது, பொறுக்குபவருக்கும் எடை கிடைக்கும். சிதறல் கணக்குக்கு நல்ல யோசனை. ஆனால் அது ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: தடித்த பையை மக்கள் பல தடவை பயன்படுத்துவார்கள் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா சாட்சி. அங்கே மெல்லிய பைகளைத் தடுக்கும் சட்டம் 2014-ல் வந்து, 2016-ல் வாக்காளர்களும் அதை உறுதி செய்தார்கள். குறைந்தது 125 தடவை தாங்கும்படி செய்த தடித்த பிளாஸ்டிக் பையை 10 சென்ட் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. 125 தடவை தாங்கும் பைதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் அதையும் ஒரு தடவையோடு எறிந்தார்கள். குப்பைக்குப் போன பைகளின் மொத்த எடை சட்டத்துக்கு முன்பைவிடக் கூடிவிட்டது. பிரிட்டனிலும் இதே கதை: மெல்லிய பை வெகுவாகக் குறைந்தது, “வாழ்நாள் பை” என்ற பெயரில் விற்ற தடித்த பையை 2019-ல் வீட்டுக்கு ஐம்பதுக்கும் மேல் வாங்கியிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு வாழ்நாள்.

அப்படியானால் சிதறல் குறைந்ததா இல்லையா? குறைந்தது. அமெரிக்கக் கடற்கரைகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பையின் பதிவுகளை வைத்து 2025-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பைக்குத் தடையோ கட்டணமோ வந்த இடங்களில், பொறுக்கிய குப்பையில் பிளாஸ்டிக் பைகளின் பங்கு, எதுவும் வராத இடங்களோடு ஒப்பிட்டால், 25 முதல் 47 சதவீதம் குறைவு. தடித்த பைக்கு வழிவிட்ட அரைகுறைத் தடைகளில் பலன் குறைவாக இருந்தது.

ஒரே மாநிலத்தில் தடித்த பையால் எடை கூடியதும், கடற்கரையில் பைகள் குறைவதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். இரண்டு கணக்கையும் பிரித்து வைத்தால் இதில் முரண்பாடு ஏதும் தெரியாது.

குப்பைத்தொட்டி உறை

கடைசியாக, தடையை எதிர்ப்பவர்கள் வைக்கும் வாதங்களிலேயே வலுவானது இது. கடைப் பையை வீட்டில் குப்பைத்தொட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், அது கிடைக்காதபோது என்ன செய்வார்கள்? பொருளியல் ஆய்வாளர் ரெபெக்கா டெய்லர் கலிஃபோர்னியாவின் விற்பனைப் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் பதில் இருக்கிறது. தடையால் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் பைகள் இல்லாமல் போயின. ஆனால் குப்பைத்தொட்டி உறைகளின் விற்பனை எடையில் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு கூடியது. சிறிய அளவு உறைகளின் விற்பனை மட்டும் 120 சதவீதம் ஏறியது. அதாவது குறைந்ததில் சுமார் 30 சதவீதம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்தத் தகவலை “பார்த்தீர்களா, தடை தோற்றது” என்று சொல்பவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்ப்போம். ஆக்கக் கணக்கில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறைகள் பெரும்பாலும் கடைப் பையைவிடத் தடித்தவை, அதற்கென்றே செய்யப்பட்டு ஒரே தடவையில் முடிபவை. கடைப் பையோ சாமானும் சுமந்து குப்பையும் சுமந்தது. சிதறல் கணக்கில் நிலைமை வேறு. உறை என்பது குப்பையை நிரப்பி, வாயைக் கட்டி, எடையோடு வெளியே போகும் பை. காலிப் பையைப்போல அது மரத்தில் ஏறித் தொங்குவதோ வடிகால் வலையில் ஒட்டுவதோ அரிது.

கலிஃபோர்னியா 2024-ல் தன் சட்டத்தைத் திருத்தியது. 2026 ஜனவரி 1 முதல், கடையின் கல்லாவில் தடித்த பிளாஸ்டிக் பையும் கிடையாது. தொட்டி உறை வழக்கம்போல அலமாரியில் விற்பனைக்கு இருக்கிறது.